வாசலில் குப்பி சிஸ்டர்

டாக்டர்கள் கைவிட்ட நோயாளிகளை எழுந்து உட்கார வைக்கும் வல்லமை எங்கள் தெருவில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம், ஜெபம் வேண்டாம். "குப்பி சிஸ்டர் கேட்டுக்குப் பக்கத்துல வந்துட்டாவ" என்று யாராவது அறைக்குள் வந்து சொன்னால் போதும். ஒரு வாரமாகக் கண் திறக்காத ஆள்கூட விருட்டென்று எழுந்து, தலையைக் கோதிக்கொண்டு, "எனக்கு இப்பம் ஒரு கொழப்பமும் இல்லண்ணு சொல்லு" என்பார்.

குழித்துறையில் ஆற்றுக்கு இறங்கும் சாலையிலிருந்து பிரிகிறது எங்கள் தெரு. பாட்டிலை நாங்கள் குப்பி என்போம். பீங்கான் தட்டு பிஞ்ஞாணம். ஊறுகாய் ஜாடி பரணி. இந்த மூன்றில் எது எந்த வீட்டு அலமாரியின் எந்த மூலையில் பழசாகிக் கிடக்கிறது என்று அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது, குப்பி சிஸ்டருக்குத் தெரியும். சிஸ்டர் என்ற பட்டம் அவர் பார்த்த நர்ஸ் வேலையால் வந்தது. இது தெரியாத ஒரு கூரியர்காரர், 'குப்பி சிஸ்டர், குழித்துறை' என்று மட்டும் எழுதியிருந்த பார்சலைத் தூக்கிக்கொண்டு ஊரில் உள்ள கன்னியாஸ்திரி மடங்கள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்து, "சார், இந்தம்மா எந்த சபை?" என்று கேட்டார்.

"அவங்க தனி சபை. அங்க ஒரே ஒரு ஆளுதான்" என்றேன்.

இருபத்தைந்து வருஷம் குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு அவர் ஊர் திரும்பிய நாளை எங்கள் தெரு மறக்கவில்லை. டாக்ஸியின் மேலே கட்டியிருந்த அட்டைப்பெட்டியின் அளவைப் பார்த்து, வழக்கமாக வராத சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து நின்றார்கள். பெட்டியைப் பிரித்தால் உள்ளே அரபு நாட்டு வாசனைத் திரவியப் புட்டிகள். நீலம், பச்சை, தேன் நிறம். மூடியில் குருவி உட்கார்ந்தது ஒன்று, ஒட்டகம் போலக் கழுத்து நீண்டது ஒன்று. எல்லாமே காலி.

"அக்கா, செண்டு எங்க?" என்று கேட்டாள் அவருடைய தம்பி மனைவி.

"செண்டு போட்டவியக்க கூடப் போச்சு. குப்பிதான் உண்டு."

ஏர்போர்ட்டில் சுங்க அதிகாரிகள் ஒரு மணி நேரம் ஒவ்வொரு புட்டியாகத் திறந்து முகர்ந்து பார்த்தார்களாம். கடைசியில் ஒருவர் தும்மிக்கொண்டே, "போங்கம்மா, தயவுசெய்து போங்க" என்று கும்பிட்டாராம். "நல்ல மனுஷன், சளி பிடிச்சிட்டுது பாவம்" என்பார் சிஸ்டர்.

அவருடைய வீட்டில் மூன்று அறைகள். மூன்றிலும் குப்பிகள். மைக்கூடு, தைலக் குப்பி, வாய்க்குள் கோலிக்குண்டு உருளும் சோடாக் குப்பி, கோடு போட்ட மிக்ஸ்சர் குப்பி, முகத்துக்குப் பூசும் ஸ்னோ வந்த வெள்ளைக் கண்ணாடிச் சிமிழ்கள், ரோஜாப்பூ வரைந்த பிஞ்ஞாணங்கள், கைப்பிடி போன கோப்பைகள். படுப்பதற்குக் கட்டிலில் பாதி மட்டும் மிச்சம். "ஏன் சிஸ்டர் கல்யாணம் கழிக்கல்ல?" என்று யாராவது கேட்டால், "அந்த ஆள எங்க கிடத்த?" என்பார்.

அங்கே சாயா குடிப்பது ஒரு பரீட்சை. உங்கள் தாத்தாவை விட வயதான கோப்பையில் சாயா வரும். குடித்து முடிக்கும்வரை அவருடைய இரண்டு கண்களும் கோப்பையின் மேலேயே இருக்கும். கடைசி மிடறு தொண்டையைத் தாண்டுவதற்குள் கோப்பை உங்கள் கையைவிட்டுப் போயிருக்கும். சர்க்கரை கலக்கும்போது கரண்டி ஒரு தடவை பலமாகத் தட்டிவிட்டால் அவர் முகம் சுருங்கும், யாரோ அவர் காலை மிதித்ததுபோல.

ஒருமுறை அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னுடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டார். போகிற வழியெல்லாம் எனக்குப் பாடம்.

"பழைய வீட்டுல நகைய எங்க பொதைச்சிருப்பாவண்ணு ஒருத்தருக்கும் தெரியாது மக்கா. குப்பிய எங்க போட்டிருப்பாவண்ணு எனக்குத் தெரியும். அடுக்களைக்குப் பின்னால, வாழைக்கும் கெணத்துக்கும் எடையில."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜே.சி.பி. சரியாக வாழைக்கும் கிணற்றுக்கும் இடையில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் சேலத்துக்காரர். அதன் இரும்புப் பற்கள் மண்ணில் இறங்கவும், சிஸ்டர் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"ஏலே நிறுத்து! நிறுத்துலே! அடியில ஆளு உண்டு!"

அந்த மனிதர் எஞ்சினை அணைத்த வேகத்தில் இருக்கையிலிருந்து குதித்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. "ஆளா? எங்கம்மா? யாரும்மா?" என்று நடுங்கினார்.

சிஸ்டர் குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, கையால் மண்ணை விலக்கி, ஒரு வெள்ளைச் சிமிழை எடுத்தார். புடவைத் தலைப்பால் துடைத்து, துரு ஏறிய மூடியை மெதுவாகத் திருகித் திறந்தார். உள்ளே ஸ்னோ காய்ந்து மஞ்சளாகிப் பாறைபோல் இருந்தது. அதன் நடுவில் ஒரு விரல் வழித்தெடுத்த பள்ளம்.

"இதா, இவதான்" என்று ஓட்டுநரிடம் காட்டினார்.

சேலத்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் ரப்பர் மரங்களைப் பார்த்தேன்.

அந்த மாதிரிச் சிமிழ்களை அவர் கழுவ மாட்டார். "ஒருத்தி கடைசியா விரல விட்டு எடுத்திருக்கா. மறுநாளு எடுக்கல்ல. அதுக்குள்ள என்ன வந்துதோ, கல்யாணமோ, சீக்கோ. அதக் கழுவப்பிடாது மக்கா" என்பார். அப்போது நான் சிரித்தேன். ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது சேலத்துக்காரரின் முகத்தை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

சரி, நோயாளிகள் கதைக்கு வருகிறேன். வேலையை விட்டு வந்தாலும் நர்ஸ் என்பவர் நர்ஸ்தான். தெருவில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும், மாலை நாலு மணிக்குக் குடையும் பிரஷர் பார்க்கும் கருவியும் துணிப்பையுமாக சிஸ்டர் போய் நிற்பார். கையைப் பிடித்துப் பார்ப்பார், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவார், கஞ்சி கொடுப்பார். எல்லாம் முடிந்தபிறகு அவர் கண்கள் மெல்ல அலமாரிப் பக்கம் நகரும். அங்கே ஒரு பழைய பிஞ்ஞாணம் இருந்துவிட்டால் அவரால் வாயைக் கட்ட முடியாது.

ரொம்பவும் முடியாமல் கிடப்பவர்களைத்தான் அவர் பார்க்கப் போவார். ரொம்பவும் முடியாமல் கிடப்பவர்கள் சில நாளில் இறந்துபோவதும் உண்டு. இரண்டு மூன்று தடவை அப்படி நடந்ததும், எங்கள் தெரு அதைத் தலைகீழாகக் கோத்துக்கொண்டது. குப்பி சிஸ்டர் வந்தால் ஆள் போய்விடும். பிஞ்ஞாணத்தைக் கேட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

இதற்கு எதிராகப் போராடி வென்ற ஒரே வீரர் ரிட்டயர்டு ஏட்டு. நெஞ்சுவலி வந்து அவர் படுத்திருந்தபோது சிஸ்டர் போனார். பிரஷர் பார்த்தார். சுவர் அலமாரியில் பச்சைக் கரை போட்ட பிஞ்ஞாணம். அவருடைய அப்பா கொழும்பிலிருந்து கொண்டு வந்தது.

"ஏட்டையா, ஒங்க காலத்துக்குப் பொறவு அது ஆருக்கு?"

ஏட்டு முழங்கையை ஊன்றி எழுந்தார்.

"எனக்க காலம் முடிஞ்சுண்ணு ஒனக்கு ஆரு சொன்னா? நான் சாவவும் மாட்டேன், அதத் தரவும் மாட்டேன். கேட்டியா?"

"கொள்ளாம், நல்ல காரியம் ஏட்டையா. உப்பக் கொறச்சிடுங்க" என்றார் சிஸ்டர், குடையை எடுத்துக்கொண்டு.

அந்த ரோஷத்திலேயே ஏட்டு நாலு வருஷம் இருந்தார். டாக்டர் சொல்லிக் கேட்காதவர் உப்பைக் குறைத்தார், பீடியை விட்டார், காலையில் ஆற்றுப்பாலம்வரை நடந்தார். ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் விட்டு வரும்போது சிஸ்டர் வீட்டு வாசலில் நின்று, கைத்தடியால் தரையைத் தட்டி, "சிஸ்டரே! நான் இருக்கேன்!" என்று கூவிவிட்டுப் போவார். "சந்தோசம் ஏட்டையா!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். நாலாவது வருஷம் ஒருநாள் ஏட்டு அந்தப் பிஞ்ஞாணத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவரே நடந்து போய்க் கொடுத்தார்.

"செத்த பொறவு ஒனக்குக் கிட்டினா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிரும். அதனால இப்பமே பிடி."

இதையெல்லாம் நான் விடுவேனா? வாராவாரம் நான் எழுதும் இதே பத்திரிகைப் பத்தியில், சில வருஷங்களுக்கு முன்பு, ஊரும் பேரும் சொல்லாமல் எழுதினேன். 'எங்கள் ஊரில் ஒரு சிஸ்டர் பிரஷர் பார்க்க வந்தால் அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடலாம்' என்று தொடங்கும். வயிறு வலிக்கச் சிரித்ததாக வாசகர்கள் கடிதம் போட்டார்கள். தெருவில் இரண்டு பேர் கைகொடுத்தார்கள். அம்மா மட்டும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இது வேண்டாம் மக்கா. அவ பாவம்."

"பேரே போடல்லியே அம்மா."

"பேரு போடாட்டா ஆளு தெரியாதா?" என்றார். அம்மா டீச்சராக இருந்தவர். தப்பைச் சிவப்பு மையில் ஒருமுறை சுழித்துக் காட்டிவிட்டால் திரும்பச் சொல்ல மாட்டார்.

அதற்கு அடுத்த வருஷம் அம்மாவின் சிறுநீரகம் பழுதானது. இரண்டு ஆஸ்பத்திரி பார்த்தபிறகு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். முன்னறையில் ஜன்னல் ஓரமாகக் கட்டிலைப் போட்டோம். நாலு மணிக்கு வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் என் மனைவி ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கேட்டை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் சும்மா பேச்சுதான். எனக்கும் தெரியும். ஆனாலும்..." என்றாள்.

அந்த 'ஆனாலும்' எனக்குள்ளும் இருந்தது. மூடநம்பிக்கைகளைக் கிண்டல் செய்து எத்தனையோ வாரம் எழுதியவன் நான். நான் உண்டாக்காத, ஆனால் நானே ஊருக்கெல்லாம் பரப்பிய ஒரு வேடிக்கைக் கதையை, என் அம்மா படுத்த படுக்கையானதும் நானே நம்பினேன்.

முதல் நாள் சிஸ்டர் வந்தபோது கேட்டுக்குள் நின்றபடியே, "அம்மை ஒறங்கிட்டிருக்கா சிஸ்டர்" என்றேன்.

"செரி மக்கா. ஒறங்கட்டு."

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். "யாரும் பாக்கப்பிடாதுண்ணு டாக்டர் சொல்லிட்டார்" என்றேன். அப்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை. சிஸ்டர் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் டாக்டர்களோடு வாழ்ந்தவர். அது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார்.

மூன்றாம் முறை வந்த அன்று அம்மாவுக்கு மூச்சுத் திணறல். இரவெல்லாம் நான் தூங்கியிருக்கவில்லை. கேட்டின் அந்தப் பக்கம் அந்தக் குடையையும் துணிப்பையையும் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது.

"சிஸ்டர், எங்க வீட்டுல பழைய குப்பி ஒண்ணும் இல்ல. அம்மை இன்னும் சாவவும் இல்ல. ஆளுவ ஒங்களப் பத்தி என்ன சொல்லுதாவண்ணு ஒங்களுக்குத் தெரியாதா? நீங்க வந்தா ஆளு போயிருமாம். இனி வராதீங்க."

சிஸ்டர் துணிப்பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார்.

"செரி மக்கா" என்றார். பிறகு, "நீ வல்லதும் சாப்பிட்டியா?" என்று கேட்டார். குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

உள்ளே போனேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"ஆரு மக்கா வந்தது?"

"பால்காரன்."

"இந்த நேரத்துலயா?" என்றார் அம்மா. அதற்குள் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

குப்பி சிஸ்டர் எங்கள் வீட்டுக்குள் காலை வைக்காமலேயே, அதற்கு ஆறாம் நாள் அம்மா போய்விட்டார். அடக்கத்துக்கு சிஸ்டர் வந்திருந்தார். வீட்டுக்கு வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லாருக்கும் பின்னால், மதில் ஓரமாக நின்றார். கூட்டத்தில் அவரைப் பார்த்தும் பார்க்காததுபோல நான் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் அம்மாவின் நம்பரில்தான் பதிவாகியிருந்தது. அதற்காக அவருடைய போனை சார்ஜ் போட்டு வைத்திருந்தோம். ஐந்தாறு மாதம் கழித்து ஒருநாள் சிலிண்டர்காரர் கேட்ட எண்ணைத் தேடும்போது, கை தவறி அழைப்புகளின் பட்டியல் திறந்துவிட்டது. கடைசி இரண்டு வாரத்தில் அம்மா எங்கள் யாருக்கும் தெரியாமல் தினமும் ஒருவரை அழைத்திருக்கிறார். ஒரு பெண் பெயர். யார் என்று எனக்குத் தெரியவில்லை. பழைய பள்ளிக்கூடத் தோழி யாராவது இருக்கும், அம்மா இறந்தது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லிவிடுவோம் என்று அந்தப் போனிலிருந்தே அழைத்தேன்.

மணி அடித்து நின்றது. எடுத்தவர் பேசவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஹலோ, ஆரு பேசுதது?" என்றேன்.

"நீயா மக்கா?" என்றது குப்பி சிஸ்டரின் குரல். "அம்மைக்க நம்பர் வந்ததும்... ஒரு நிமிஷம் நான் அவதாண்ணு..." முடிக்கவில்லை.

அவருக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். தெருவே குப்பி சிஸ்டர் என்றபோது அம்மா மட்டும் பெயர் சொல்லி வைத்திருக்கிறார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவரைப் பற்றி எழுதியதற்கே இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.

அன்று மாலையே போனேன். சாயா வந்தது. கோப்பையை அவர் கவனிக்கவே இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

"அம்மை எதுக்கு சிஸ்டர் தினமும் கூப்பிட்டா?"

உள்ளே போய் அந்தத் துணிப்பையை எடுத்து வந்தார். அதிலிருந்து ஒரு வெள்ளைச் சிமிழ். நீல மூடி.

"டீச்சர் ட்ரெய்னிங் படிக்கும்ப ஹாஸ்டல்ல இந்த ஸ்னோதான் போட்டாளாம். அத ஒருக்கா மணத்திப் பாக்கணும்ணு ஒரு ஆசை அவளுக்கு. 'ஒனக்க கையில இருக்காடி'ண்ணு கேட்டா. தேடி எடுத்தேன். கொஞ்சம் அடியில காஞ்சு கெடக்கு. கொண்டு வாறேன்ணு சொன்னேன்."

மூன்று தடவையும் அது அந்தப் பைக்குள் இருந்திருக்கிறது.

"நான் உள்ள விடல்லண்ணு அம்மைகிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கு? எனக்கு முட்டுவலி, நாளைக்கு வாறேன்ணு சொன்னேன்."

சிமிழை வாங்கித் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். பழைய கண்ணாடியின் வாசம். தூசி. வேறு ஒன்றும் இல்லை. மறுபடியும் முகர்ந்தேன்.

"ஒனக்கு மணக்காது மக்கா. அவளுக்கு மணந்திருக்கும்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. ஐம்பது வயது ஆணுக்கு அழகாக அழத் தெரியாது. அவர் என் கையிலிருந்து சிமிழை மட்டும் பத்திரமாக வாங்கி மேசையில் வைத்தார்.

பிறகு, "நான் ஒண்ணு கேக்கட்டா?" என்றார். "ஆளுவ நெசமாவே அப்படியா சொல்லுதாவ? நான் போனா எல்லாரும் எழும்பி உக்காருவாவ. என்னக் கண்ட சந்தோசத்துலண்ணுதான் நான் நெனச்சேன். நீ சொன்ன அண்ணைக்குத்தான் தெரிஞ்சுது."

தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்த அந்த நகைச்சுவை, இத்தனை வருஷமாக அவர் ஒருவர் காதுக்கு மட்டும் போகாமல் இருந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். அன்றிலிருந்து அவர் யார் வீட்டுக்கும் போவதில்லை. பிரஷர் கருவி உறைக்குள் மடங்கி ஜன்னலில் கிடந்தது. தெரு அவர் வராததைக் கவனித்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் கவனிக்கவில்லை.

"மன்னிச்சிருங்க சிஸ்டர்" என்றேன்.

"நீ பயந்து போன பிள்ள. ஆஸ்பத்திரி வாசல்ல எத்தன பிள்ளையளப் பாத்திருக்கேன், என்னத்தையாவது சொல்லிட்டு நிக்கும். அதப் போய் மனசுல வைப்பாவளா?" என்றார். எழுந்து ஜன்னலிலிருந்து கருவியை எடுத்தார். "கைய நீட்டு. மொகமே செரியில்ல."

பிரஷர் அதிகம் இருந்தது. நன்றாகத் திட்டினார்.

இந்தப் பத்தியில் அவரைப் பற்றி எழுதிச் சிரிக்க வைத்தவன் நான்தான் என்று அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அம்மா சொல்லியிருப்பாரோ என்று சில நாள் நினைப்பேன். சொல்லியிருக்க மாட்டார். எனவே இந்த இதழ் கடைக்கு வரும் நாளில் நானே கொண்டுபோய், அந்தப் பழைய இதழையும் சேர்த்துக் கொடுத்துவிடப் போகிறேன். அவர் என்ன சொல்வார் என்று தெரியாது. மற்ற வீடுகளுக்கு மறுபடியும் போகச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "வேண்டாம் மக்கா, ஆளுவ பயப்படுதாவ" என்கிறார். அதை மட்டும் என்னால் சரிசெய்ய முடியவில்லை.

சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போகிறேன். அம்மா போனில் அவரிடம் பேசியதையெல்லாம் சொல்கிறார். போன வாரம், ஹாஸ்டலில் நாலு பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஸ்னோச் சிமிழ்தான் இருந்தது என்றும், பெண் பார்க்க வருகிற அன்று மட்டும் அந்தப் பெண்ணுக்கு இரண்டு விரல் அளவு கிடைக்கும் என்றும், அப்பா பார்க்க வந்த அன்று அம்மா மூன்று விரல் எடுத்ததற்குப் பெரிய சண்டை நடந்தது என்றும் சொன்னார். அம்மா இதையெல்லாம் என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. இன்னும் நிறைய இருக்கிறதாம். ஒரு சனிக்கிழமைக்கு ஒன்றுக்குமேல் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.